சீமைத்தக்காளி நாட்டுத்தக்காளி ஆன கதை

திருச்சி காந்தி மார்க்கெட்டில் தக்காளி வாங்கப் போகும் எவரும் கடைக்காரரின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: "நாட்டுத்தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா?" நாட்டுத்தக்காளி தட்டையானது, மெல்லிய தோலும் புளித்த சாறும் மிக்கது. பெங்களூர்த் தக்காளி சற்றே நீண்டது, தடித்த தோலுடையது, மூட்டையின் அடியில் கிடந்தாலும் நசுங்காதது. முன்னதை நம்முடையதென்றும் பின்னதை வந்தேறியென்றும் கருதுவது நம் வழக்கம். ஆனால் இந்தப் பழத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் சீமைத்தக்காளி. சீமையிலிருந்து வந்த ஒன்று எப்போது நாட்டுடையதாயிற்று? வீட்டுத் தோட்டத்துக்குப் பழைய வகை விதைகளைத் தேடிப் புறப்பட்ட எங்களை இந்தக் கேள்வி நெடுந்தூரம் இழுத்துச் சென்றுவிட்டது.

சீமைக்கத்தரி, சீமைக்கருவேலம் போன்ற பெயர்களைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஏற்கெனவே ஒரு கத்தரியும் ஒரு கருவேலமும் இருந்ததால்தான் பின்னால் வந்தவற்றுக்குச் 'சீமை' தேவைப்பட்டது. அவ்வாறே தக்காளி என்ற சொல்லும் இந்தச் சிவந்த பழத்துக்கு முற்பட்டது. வரப்போரங்களில் தானே முளைத்து, காகிதப்பை போன்ற உறைக்குள் சிறு பழம் தாங்கும் சொடக்குத்தக்காளியும், வத்தக்குழம்பிற்கு உயிர்தரும் மணத்தக்காளியும் அப்பெயரை முன்னரே தாங்கியிருந்தன. புதியவர் வந்தபோது குடும்பச் சாயலைக் கண்டு, அதே பெயரை அவருக்கும் கொடுத்தார்கள் நம்மவர்கள்.

வியப்பு என்னவென்றால், கடலுக்கு அப்பால் மெக்சிக்கோவிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே நாவாட்டில் மொழியில் 'தொமாட்ல்' என்பது உறைமூடிய பச்சைப் பழத்துக்கும் அதன் இனத்துக்கும் வழங்கிய பெயர். சிவந்த பெரிய பழம் 'ஷிதொமாட்ல்'. ஸ்பானியர்கள் முன்னதையே கேட்டு, பின்னதற்குச் சூட்டி, உலகெங்கும் கொண்டுசென்றார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், உறைமூடிய சிறுபழத்தையும் இச்சிவந்த பழத்தையும் ஒரே குடும்பமாகக் கண்டிருக்கிறார்கள். இன்றைய தாவரவியலும் இரண்டையும் கத்தரிக் குடும்பத்தில்தான் சேர்க்கிறது.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் காட்டுச் செடியாகப் பிறந்து, மெக்சிக்கோவில் பயிராகப் பண்பட்ட தக்காளியை, இத்தாலியின் மத்தியோலி 1544இல் தம் மூலிகை நூலில் குறித்தார். இந்தியாவுக்கு அது போர்த்துக்கீசியர் வழியே வந்தது என்பது பரவலான கருத்து. வந்தும் நம் அடுக்களைக்குள் உடனே நுழைந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியப் பயன்பாட்டுப் பொருள்களின் அகராதியைத் தொகுத்த ஜார்ஜ் வாட், தக்காளி அப்போதும் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்பட்டதாக எழுதுகிறார். திருவரங்கத்துப் பழைய குடும்பங்களில் திவசத் தளிகைக்குத் தக்காளி இன்றும் ஆகாது. புளியும் மிளகுமே அங்கே சாத்தமுதை நடத்துகின்றன. ஒருநாள் விலக்கில் இருநூறாண்டு நினைவு தங்கியிருக்கிறது.

பிறகு எப்படி 'நாட்டு' ஆயிற்று? விதையின் வழியேதான். தக்காளிப் பூ பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொள்வது. ஆகவே நல்ல செடியின் பழத்திலிருந்து விதையெடுத்து, அதையே மறுபடி விதைத்து வந்தால், அந்த ஊரின் வெயிலுக்கும் மண்ணுக்கும் இசைந்த ஒரு வகை தானே உருவாகி நிலைபெறும். தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் வகை அப்படி உருவானதே. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அதிலிருந்து தூண்டப்பட்ட திடீர்மாற்றத்தின் மூலம் பெறப்பட்டதே பி.கே.எம்-1. இன்று அந்த வாரிசின் பெயரை அறிந்த உழவர்கள் ஏராளம். தாயின் பெயரோ பெரும்பாலும் வம்சக் குறிப்பில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பெங்களூரின் இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனம் 1973இல் 'கர்நாடகா' என்ற கலப்பினத் தக்காளியை வெளியிட்டது. விளைச்சலிலும் போக்குவரத்திலும் கலப்பினங்கள் தந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போலிராது. குணங்கள் பிரிந்து சிதறும். விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் உழவருக்கு உரிமையுண்டு என்கிறது 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம். கலப்பினப் பழத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அவ்வுரிமையால் என்ன பயன்?

சுவையிலும் இழப்புண்டு. நாட்டுத்தக்காளிக் காயின் காம்படியில் கரும்பச்சை படர்ந்திருக்கும், பி.கே.எம்-1இலும் அதைக் காணலாம். பழம் ஒரே சீராகச் சிவக்கவேண்டி, அப்பச்சையில்லாத வகைகளையே வளர்ப்பாளர்கள் சுமார் எழுபது ஆண்டுகள் தேர்ந்துவந்தனர். அந்தப் பச்சையை ஆளும் மரபணு பழத்தின் சர்க்கரையையும் கூட்டுகிறது என்பது 2012இல்தான் தெரியவந்தது.

நாங்களும் முதலில் தவறித்தான் போனோம். 'பாரம்பரிய வகை' என்ற சொல்லில் மயங்கி, பிராண்டிவைன் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க வகையைத் தருவித்து, திருவரங்கத்து மொட்டைமாடியில் தை மாதம் நட்டோம். செடி ஆளுயரம் வளர்ந்தது, பங்குனியில் பூத்தது, பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. கடும் வெயிலிலும் வெப்பமான இரவிலும் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். யாருடைய பாட்டனார் காத்த விதை என்பதைவிட, எந்த வெயிலில் காத்தார் என்பதே முக்கியம் என்று அப்போது விளங்கியது.

அதன்பின்தான் துறையூர், சோபனபுரம் வழியாகப் பச்சைமலை ஏறினோம். மலைமேல் காற்று சற்றே குளிர்ந்தது. மரவள்ளிக் காடுகளைக் கடந்து, டாப் செங்காட்டுப்பட்டிக்கு அப்பால் ஒரு மலையாளி வீட்டின் புறக்கடையில், எவரும் நடாமல் முளைத்த செடியொன்றில் சுண்டைக்காயை விடச் சற்றுப் பெரிய பழங்கள் கொத்தாகக் காய்த்திருந்தன. பெயர் கேட்டோம். "தக்காளிதாங்க," என்றார் வீட்டு அம்மா, இதிலென்ன கேள்வி என்பதுபோல். சீமையும் இல்லை, நாடும் இல்லை. கைநிறையப் பறித்துக் கொடுத்தார்.

பழத்தைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தினோம். ஐப்பசிக் கடைசியில் விதைத்து, கார்த்திகையில் நட்டதில் மாசியில் பழம் பறித்தோம். மலையில் தித்தித்தது இங்கே கொஞ்சம் புளிப்பேறியிருந்தது. குறையில்லை, விதை இடம் மாறியிருக்கிறது, பழகிக்கொள்ளும்.

இப்போது எங்களில் நால்வர் வீட்டில் நான்கு வகைகள்: பச்சைமலைச் சிறுபழம், மார்க்கெட்டில் தேர்ந்த தட்டைப்பழம், பி.கே.எம்-1, ஒரு தொட்டியில் மணத்தக்காளி. அன்னஞ்சியின் தாய்வகையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு வகைக்குப் பொறுப்பு. அறுவடையில் பாதி விதையை மற்றொரு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு மாடியில் செடி பட்டுப்போனாலும் இன்னொரு மாடியில் வகை பிழைத்திருக்கும். சீமைத்தக்காளியை நாட்டுத்தக்காளி ஆக்கியவர்கள் இதைவிடப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை.