குற்றவியல் முதுகலைக் கல்வி

குற்றம் ஏன் நிகழ்கிறது, அரசும் சமூகமும் அதை எப்படி எதிர்கொள்கின்றன, அதனால் பாதிக்கப்பட்டவர் நிலை என்ன என்பவற்றை ஆராயும் இரண்டாண்டுப் பட்டப்படிப்பு. 'குற்றவியல்' என்னும் சொல் சட்டங்களின் பெயரிலும் வருவதால் இதைச் சட்டக் கல்வியின் கிளை எனக் கருதுவோர் உண்டு, அது சரியன்று. இதன் வேர்கள் சமூகவியலிலும் உளவியலிலும் உள்ளன. கைரேகை, இரத்தக்கறை முதலியவற்றை ஆயும் தடய அறிவியலும் வேறு துறையே.

பாடத்தின் தொடக்கம் வழக்கமாக ஐரோப்பிய மூலவர்கள். இத்தாலியரான பெக்காரியா 1764இல் சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து எழுதினார். 1876இல் லொம்புரோசோ, மண்டையோடு, தாடை, காது ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு 'பிறவிக் குற்றவாளி'யை அடையாளம் காணலாம் என்றார். அக்கொள்கை பிற்காலத்தில் தள்ளுபடியானது. எனினும் பிறப்பைக் குற்றமாகப் பார்க்கும் கண்ணுக்கு இந்தியா ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சாதிகளையே குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. தமிழ்நாட்டு மாணவர் லொம்புரோசோவுக்கு முன்பே படிக்க வேண்டிய பாடம் இது.

விடுதலைக்குப் பின் இக்கல்வி சிறைச் சீர்திருத்தத்தின் வழியாக வளர்ந்தது. ஐ.நா. வல்லுநராக 1951-52இல் வந்த வால்டர் ரெக்லஸ் இந்தியச் சிறைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். பம்பாயின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இத்துறையில் முன்னோடியானது. சாகர் பல்கலைக்கழகம் 1959இல் தனித்துறை தொடங்கியது. அறுபதுகளில் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது. இந்தியக் குற்றவியல் கழகம் 1970இல் உருவானதும் சென்னையில்தான். பாதிக்கப்பட்டோரியலை இந்தியாவில் வளர்த்தவர்களுள் பேராசிரியர் கு. சொக்கலிங்கம் முதன்மையானவர். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய க. ஜெய்சங்கர், 2007இல் இணையக் குற்றவியலுக்கெனப் பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார்.

புள்ளிவிவரத்தை ஐயத்தோடு படிப்பது இங்குக் கற்கும் முக்கியப் பயிற்சி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் முதல் தகவல் அறிக்கைகளை வைத்தே எண்ணுகிறது. ஓர் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் கடுமையானது மட்டும் கணக்கில் ஏறும்: கொலையும் வன்புணர்வும் ஒரே வழக்கில் இருந்தால் அது கொலையின் கீழ் எண்ணப்படும். காவல் நிலையத்துக்கே வராத துயரம் எந்த அட்டவணையிலும் இல்லை. அதனால்தான் வீடுவீடாகச் சென்று பாதிக்கப்பட்டோரிடம் கேட்கும் கணக்கெடுப்பு முறை கற்பிக்கப்படுகிறது. களப்பணிக்குச் சிறை, கூர்நோக்கு இல்லம், நன்னடத்தை அலுவலகம் ஆகியவை இடமாகின்றன.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டம் நடப்புக்கு வந்ததால் பாடத்தின் சட்டப் பகுதி மாறியுள்ளது. பல்கலைக்கழக மானியக்குழுவின் நெட் தேர்வில் குற்றவியலும் தடய அறிவியலும் தனித்தனிப் பாடங்கள்.