இருபத்தேழு டிகிரி ஊர்

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று அங்கே 'சிப்காட்' தொழிற்பூங்காவும் பெரிய டயர் தொழிற்சாலையும் இருக்கின்றன. பக்கத்தில் 2020-ல் திறந்த நீர்த்தேக்கம். அக்கினி நட்சத்திரம் வந்துவிட்டால் அந்தச் சீமையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது அபூர்வமல்ல. வெளியிலேயே 40 என்றால், தொழிற்சாலை மூலையில் மூடிக் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள், மோட்டாரை ஆட்டி வைக்கும் மின்சுற்றின் கதி என்ன? 'இந்த உஷ்ணத்தில் இது வேலை செய்யுமா?' என்ற கேள்விக்கு ஒரு சரித்திரமே உண்டு.

1947 டிசம்பரில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் பிறந்த முதல் டிரான்ஸிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. அதற்கு உஷ்ணம் ஆகாது. சூடு ஏறினால் வேண்டாத மின்சாரம் கசியும். கசிந்தால் இன்னும் சூடு ஏறும். சூடு ஏறினால் இன்னும் கசியும். கடன்மேல் கடன் வாங்கி வட்டி கட்டுகிறவனைப் போல, கடைசியில் ஆளே காலி!

1954 மே மாதம் டேட்டன் நகரில் ஒரு விஞ்ஞானிகள் கூட்டம். கார்டன் டீல் என்பவர் ஒரு கிராமபோனைப் பாட விட்டு, அதன் டிரான்ஸிஸ்டரைக் கொதிக்கும் எண்ணெயில் முக்கினார். ஜெர்மானியம் ஊமையாயிற்று. ஸிலிக்கனை முக்கினார். பாட்டு நிற்கவில்லை!

அதனால் ஸிலிக்கன் உஷ்ணத்தை வென்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும், அதே மின்சாரத்துக்கு அது கேட்கும் வோல்ட்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. அற்பம்தானே என்பீர்கள். 40 டிகிரி ஏறினால் 80 மில்லிவோல்ட். கொடுக்கும் வோல்ட்டேஜை மாற்றாமல் வைத்திருந்தால், மின்சாரம் ஏறக்குறைய 15 மடங்காகிவிடும்!

முன்பெல்லாம் சுற்றைச் செய்து, அடுப்பில் வைத்துச் சுட்டு, அளந்து பார்த்தார்கள். ஒரே சில்லில் பல டிரான்ஸிஸ்டர்கள் குடியேறிய பிறகு அது கட்டுபடியாகவில்லை. சில்லைச் செய்த பின் ஒட்டுப் போட முடியாதே! ஆகவே செய்வதற்கு முன்பே கணக்கில் சுட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

பெர்க்லி சர்வகலாசாலையில் ரோஹ்ரர் என்ற ஆசிரியர் தம் மாணவர்களை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வைத்தார். பேராசிரியர் பெடர்ஸன் மெச்சினால்தான் தேர்ச்சி என்று நிபந்தனை. பையன்கள் தேறிவிட்டார்கள். ஆனால் புரோகிராமுக்கு வைத்த பெயர் 'கான்ஸர்'! அதைத் திருத்தி வளர்த்து, 1973-ல் லாரன்ஸ் நேகலும் பெடர்ஸனும் 'ஸ்பைஸ்' என்று வெளியிட்டார்கள். நோய் போய் மசாலா வந்தது. பெடர்ஸன் அதைப் பூட்டி வைக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அந்த வம்சத்துப் புரோகிராம் ஒன்றை உள்ளே வைத்துத்தான் பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஈஸிம்' இன்று நம் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

உஷ்ணத்தைச் சொன்னால், அதற்கேற்ப டிரான்ஸிஸ்டரின் குணங்களை ஸ்பைஸ் மாற்றிக் கணக்கிடும். சொல்லாவிட்டால்? 27 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். கெல்வின் அளவில் அது ஏறக்குறைய 300. முழு எண்ணாக அமைந்தது சௌகரியம். மார்கழிப் பகலில் நம் ஊரில் அந்த 27 கிடைக்கலாம், வைகாசியில் கிடைக்காது.

இன்னும் ஒரு சூட்சுமம். டிரான்ஸிஸ்டரின் பெருக்கும் சக்தி உஷ்ணத்தோடு எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் எண் உண்டு. நாம் கொடுக்காவிட்டால் அது பூஜ்யம். அதாவது மாறவே மாறாது என்று அர்த்தம்! தவிரவும், பழைய ஸ்பைஸின் கணக்கில் சுற்றிலுள்ள எல்லா டிரான்ஸிஸ்டர்களுக்கும் ஒரே உஷ்ணம். தன் வேலையால் தானே சூடேறும் டிரான்ஸிஸ்டரை அது அறியாது. எந்தக் கசிவு ஜெர்மானியத்தைக் கொன்றதோ, அந்த வட்டிக் கணக்கே ஏட்டில் ஏறவில்லை. பின்னாளில் வந்த மாதிரிகளில்தான் அந்தச் சூட்டுக்கும் இடம் கிடைத்தது. அப்படிப்பட்ட ஒன்றை, கேலியம் நைட்ரைடு டிரான்ஸிஸ்டருக்காக, கான்பூர் ஐ.ஐ.டி.யின் யோகேஷ் சிங் சவுகானும் சகாக்களும் உருவாக்கியிருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை.

கம்ப்யூட்டர் பொய் சொல்வதில்லை; கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது. குளுகுளு அறையில் உட்கார்ந்து சுற்றை வடிவமைக்கும் இளைஞர், இரும்புப் பெட்டிக்குள்ளே உஷ்ணமானி எவ்வளவு காட்டுகிறது என்று தேர்வாய் கண்டிகையில் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியனை ஒரு வார்த்தை கேட்டு, அந்த எண்ணை எழுதிவிட்டால் போதும். இல்லாவிட்டால் மே மாதத்து நடுப்பகலில் யந்திரம் நிற்கும்போது, அந்தப் பெட்டியைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறவரும் அதே எலெக்ட்ரீஷியன்தான்.