என் மெஷின்ல ஓடுதே சார்!

மென்பொருள்காரர்களுக்கென்று ஒரு தேசிய கீதம் இருந்தால் அது இந்தத் தலைப்புதான். போபாலில் இந்தியில் கேட்டிருக்கிறேன், நாக்பூரில் மராத்தியில், புனேயில் ஆங்கிலத்தில். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த பையன் இதையே நல்ல தமிழில் சொன்னபோது காதுக்கு இதமாகத்தான் இருந்தது. மெஷின் என்னவோ ஓடவில்லை.

நான் பி.காம். 2000-ல் வங்கியில் சேர்ந்தவன். விண்ணப்பத்தில் 'கம்ப்யூட்டர் டிப்ளமா, ஆறு மாதம்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காக, வடக்கே எந்தக் கிளைக்கு மாற்றலானாலும் பெட்டி மக்கர் செய்தால் கூப்பிடுவது என்னைத்தான். அப்படி மேசைக்கடியில் தவழ்ந்து தவழ்ந்து எனக்குப் புரிந்தது இது: டெஸ்க்டாப் மென்பொருளின் முக்கால்வாசி வியாதிக்குப் பின்னால் யாரோ, எங்கோ, ஒரு நல்ல நோக்கத்தோடு பிடித்த மிச்சம் இருக்கிறது. வரவு அவர் பேரேட்டில். பற்று மட்டும் வேறொருவர் பேரேட்டில். இன்ஜினியர்கள் இந்தச் சரித்திரத்தை வேறு மாதிரி எழுதுவார்கள். இது கணக்குப்பிள்ளையின் பதிப்பு.

எங்கள் வங்கி உலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது பயந்து பயந்துதான். 1983-ல் ஊழியர் சங்கங்களோடு ஓர் ஒப்பந்தம். 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை (பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னரான சி. ரங்கராஜன்தான், அரியலூரில் பிறந்தவர்). கிளைகளுக்கு வந்த பெட்டியின் பெயர் ஏ.எல்.பி.எம். - அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின். கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைக் கேட்டாலே வேலை போய்விடும் என்று பயந்த காலம், அதனால்தான் 'மெஷின்' என்று பெயர் வைத்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. ஒரு மெஷின், ஒரு புரோகிராம். பெட்டி முழுக்க அதற்கே சொந்தம், சண்டை போடப் பக்கத்து வீடே கிடையாது. டாஸ் காலத்துத் தொல்லைகள் வேறு தினுசு. அதில் ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனசில்லை.

டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்கள் பல வருடம் சமர்த்தாக ஓடின. தொண்ணூறுகளின் பிற்பாதியில் புது மெஷின் வாங்கிப் போட்டதும் திறந்த உடனே 'ரன்டைம் எரர் 200' என்று படுத்துக்கொண்டன. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மெஷின் வேகமாகிவிட்டது! அந்த மொழியோடு வந்த ஒரு துணுக்கு, புரோகிராம் தொடங்கும்போதே மெஷினின் வேகத்தை அளந்து பார்க்கும். கடிகாரத்தின் ஒரு துடிப்பில், அதாவது 55 மில்லி செகண்டில், எத்தனை எண்ண முடிகிறது என்று பார்த்து அதை 55-ஆல் வகுக்கும். விடையை வைக்க ஒதுக்கிய இடம் 16 பிட். 65,535-க்கு மேல் அதில் கொள்ளாது. எழுதியவர்கள் காலத்தில் அதுவே கடல். பென்டியம் சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் விடை வழிந்துவிட்டது. கிளிப்பரில் எழுதியவற்றுக்கும் இதே ரக வியாதி வந்தது. காசு கொடுத்து வாங்கிய புது மெஷினை, வேண்டுமென்றே மெதுவாக்கும் இன்னொரு புரோகிராமைப் போட்டு ஓட்டியவர்கள் உண்டு.

இனி விண்டோஸ். முதல் பதிப்பு 1985 நவம்பரில் வந்தது. அது கேட்ட நினைவகம் 256 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அது போதாது. அவ்வளவு சின்ன வீட்டில் நாலைந்து புரோகிராம்கள் குடியிருக்க வேண்டும். ஆளுக்கொரு சமையலறை கட்டினால் வீடு தாங்காது. அதனால் பொதுவான வேலைகளையெல்லாம் - ஜன்னல் வரைவது, எழுத்துக் காட்டுவது - தனிக் கோப்புகளில் வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளச் செய்தார்கள். அதுதான் டி.எல்.எல். கூட்டுக் குடும்பத்து அடுப்பு.

நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், புது மருமகள் வந்து அஞ்சறைப்பெட்டியை மாற்றி அடுக்கினால் என்ன ஆகும் என்று. புதிதாக நிறுவும் புரோகிராம் தன்னோடு ஒரு டி.எல்.எல்.லைக் கொண்டுவரும். ஏற்கெனவே அங்கே இருப்பது புதியதா பழையதா என்று பார்த்துத்தான் போட வேண்டும். பார்க்காமல் பழையதைப் புதியதன் தலையில் எழுதிவிட்டால், நேற்றுவரை ஓடிய வேறொரு புரோகிராம் இன்று காலை படுத்துவிடும். படுத்தது ஒன்று, காரணம் இன்னொன்று. இதற்குத்தான் 'டி.எல்.எல். நரகம்' என்று பெயர் வைத்தார்கள்.

விண்டோஸ் 3.1 காலத்தில் இன்னும் ஒரு விசேஷம். ஒரே பெயரில் ஒரு டி.எல்.எல். நினைவகத்தில் ஏறிவிட்டால், அடுத்து வருகிறவருக்கும் அதேதான். அதனால் எந்தப் புரோகிராமை முதலில் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து வியாதி வரும், போகும். மெக்கானிக் வரும்போது வராது!

இதில் சிக்கனத்தின் மேல் சிக்கனம் வேறு. விஷுவல் பேசிக் 3 (1993) புரோகிராம் ஓட விபிரன்300 என்ற டி.எல்.எல். வேண்டும், சுமார் 400 கிலோபைட். ஃப்ளாப்பியோ 1.44 மெகாபைட். 'எல்லார் மெஷினிலும்தான் இருக்குமே' என்று அதை விட்டுவிட்டுப் புரோகிராமை மட்டும் அனுப்பினார்கள். எழுதியவர் மெஷினில் அது இருக்கிறது, அதனால் ஓடுகிறது. தலைப்பில் இருக்கும் கீதம் பிறந்த கதை இதுதான்.

மைக்ரோசாஃப்ட்டுக்கே இந்த நிறுவிகள் மேல் நம்பிக்கை இல்லை. விண்டோஸ் 95, அடிக்கடி அடிபடும் கோப்புகளுக்கு ஒரு மறைவான ஃபோல்டரில் நகல் வைத்துக்கொண்டு, நிறுவல் முடிந்ததும் சத்தமில்லாமல் பழையதைத் தூக்கிவிட்டு நல்லதை வைத்தது. விண்டோஸ் 2000-ல் அதுவே முறையான காவலாக வந்தது. புரோகிராமை நீக்கும்போது வரும் அந்தப் பெட்டி நினைவிருக்கிறதா? 'இந்தப் பகிர்வுக் கோப்பை இனி யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அழிக்கட்டுமா?' தெரியாத வீட்டுக்காரனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்!

நம்மில் பலர் இந்த நரகத்தின் வாசலைப் பெயர் தெரியாமலே மிதித்திருக்கிறோம். வெளியூரில் உட்கார்ந்து இணையத்தில் தமிழ் படிக்கத் தொடங்கிய நாட்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வேறு. எழுத்துரு இல்லை என்று நினைத்து லதாவையும் மற்றதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். கோளாறு எழுத்துருவில் மட்டும் இல்லை. எழுத்துகளை ஒழுங்காக அடுக்கும் வேலை யுஎஸ்பி10 என்ற டி.எல்.எல்.லுடையது. எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், அது விண்டோஸ் சி.டி.யைக் கேட்கும். பிரவுசிங் சென்டர்காரனிடம் சி.டி. எங்கே இருக்கும்? ஆபீஸ் 2003 மட்டும் அதே கோப்பின் புது நகலைத் தன் சொந்த ஃபோல்டரிலேயே வைத்துக்கொண்டது. அதனால் வேர்டில் கொம்பு சரியாக நிற்கும், பக்கத்து ஜன்னலில் கோணலாக நிற்கும்.

அந்தத் தனி நகல்தான் பிறகு வந்த வைத்தியமும். ஹார்ட் டிஸ்க் விலை விழுந்துவிட்டது, இனி எதற்குப் பகிர வேண்டும்? எக்ஸ்பி (2001) ஒரே கோப்பின் பல பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டது. அடுத்த வருடம் டாட்நெட் வந்து, எனக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று புரோகிராமே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றது. கூட்டுக் குடும்பம் உடைந்து தனிக்குடித்தனம். செலவு? அந்தப் பதிப்பை இறக்க 20 எம்.பி.க்கு மேல், டயல்-அப்பில்!

இந்தச் சண்டைகளெல்லாம் எங்கள் கிளைகளுக்கு மொத்தமாக வந்து சேர்ந்ததற்கு ஒரு தேதி உண்டு. வங்கி வியாபாரத்தில் 70 சதவீதம் 2001 ஜனவரி 1-க்குள் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும் என்று மத்திய விஜிலன்ஸ் கமிஷன் கெடு வைத்தது. அப்போதைய கமிஷனர் என். விட்டல். கையால் எழுதும் லெட்ஜரில்தான் மோசடி ஒளிகிறது என்பது அவர் பக்கத்து நியாயம், சரியான நியாயமும்கூட. ஆனால் கெடுவுக்கு ஓடியதில் பெட்டிகள் வந்திறங்கின, மென்பொருள் வந்திறங்கியது, நிறுவுகிற பையன்கள் நாளைக்கு நாலு கிளை என்று பறந்தார்கள். ஓடுகிறதா? ஓடுகிறது. கையெழுத்துப் போடுங்கள்.

2003-ல் நான் வேலை பார்த்த ஒரு கிளையில், டெபாசிட் கவுன்ட்டரில் ஒரு மேடம் இருந்தார். மராத்தி அம்மா, ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. அவர் போட்ட ரசீதுகளில் சில தேதிகள் பிறழ்ந்திருந்தன. ஏப்ரல் 5-ல் தொடங்க வேண்டிய டெபாசிட் மே 4-ல் தொடங்கியது. முதிர்வுத் தேதியும் தப்பு, வட்டியும் தப்பு. ஒரு பென்ஷன்காரர் வந்து சத்தம் போட, விஷயம் மேலே போய், மேடத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. முன்தேதி, பின்தேதி போடுவது வங்கியில் சின்னக் குற்றம் இல்லை. முப்பத்துச் சொச்சம் வருட சர்வீஸில் அவருக்கு அதுதான் முதல் மெமோ. மென்பொருள் கம்பெனி என்ன சொன்னது என்று சொல்ல வேண்டியதில்லை, தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தவர் நானில்லை, மேடமேதான். இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, தப்பான ரசீதுகளையெல்லாம் நீள நோட்டில் வரிசையாக எழுதினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கள், பன்னிரண்டாம் தேதிக்கு மேல் ஒன்றுகூடத் தப்பாகவில்லை. நான் தூங்கிக்கொண்டு டைப் செய்தால் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் மட்டுமா தூங்குவேன்?"

அவ்வளவுதான் விஷயம். அவருடைய பெட்டி மட்டும் புதிதாக மாற்றியது. விண்டோஸ் அமெரிக்க வழக்கத்தில், மாதம் முன், நாள் பின் என்று இருந்தது. விஷுவல் பேசிக் 6 எழுத்தாக வரும் தேதியை மெஷினின் வழக்கப்படி படிக்கும். 05/04 என்றால் மே 4. ஆனால் 13/04 வந்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது. 'தப்பு' என்று கத்தாமல், உதவி செய்வதாக நினைத்துத் தானே திருப்பி ஏப்ரல் 13 என்று எடுத்துக்கொள்ளும். அந்த உதவிதான் ஆளைக் கொன்றது. கத்தியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள். அதில் 04/04 மாதிரி ஒன்று திருப்பினாலும் அதேதான். பாக்கி பதினொன்று. வருடத்தில் 132 நாள் தப்பு, மீதி நாள் பத்தரைமாற்று. எழுதியவர் நாள், மாதம், வருடம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் இது நடக்காது. வருடம்-மாதம்-நாள் என்று எழுதச் சொல்லும் உலகத் தரம் 1988-லேயே வந்துவிட்டது. நாலு வரி மிச்சம் பிடித்திருக்கிறார்.

கம்பெனி நிறுவல் குறிப்பேட்டில் 'தேதி வடிவத்தைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி சேர்த்தது. மேடத்தின் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 'இனி கவனமாக இருக்கவும்' என்ற அறிவுரையோடு கோப்பு மூடப்பட்டது. கவனமாக இருக்க வேண்டியவர் யார் என்று அந்தக் கடிதத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007-ல் விஸ்டா வந்தபோது, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் கண்டபடி எழுதக்கூடாது என்று பூட்டுப் போட்டார்கள். பழைய புரோகிராம்கள் உடையக்கூடாதே என்று, எழுதுகிறதை ஒவ்வொருவரின் தனி அறைக்கும் ரகசியமாகத் திருப்பிவிட்டார்கள். ஒரே மெஷினில் காலையில் ஒருவர் எழுதியதை மாலையில் இன்னொருவர் காணாத அதிசயம் அப்படித்தான் வந்தது. டாஸ் புரோகிராம்கள் நேரே பிரின்டர் துளைக்குப் பேசும். அந்தத் துளையே இல்லாத மெஷின்கள் வந்ததும் பாஸ்புக் அச்சுக்கு 'நெட் யூஸ்' கட்டளையால் பொய்த் துளை ஒன்று வைத்தோம். இந்த மாதிரி வேலைகளில் எனக்குக் கைகொடுத்த கருவி ஃபைல்மான். 2006-லிருந்து பிராசஸ் மானிட்டர். எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் திரும்பியது என்று வரிவரியாகக் காட்டும். வவுச்சரும் டே புக்கும் ஒத்துப் பார்ப்பது மாதிரிதான். படிக்க இன்ஜினியரிங் வேண்டாம், பொறுமை வேண்டும்.

பிறகு கோர் பேங்கிங் வந்து கிளை மென்பொருளையே காலி செய்தது. எல்லாம் மத்திய சர்வரில், கிளையில் வெறும் ஜன்னல். அந்த ஜன்னலும் குறிப்பிட்ட பிரவுசர், குறிப்பிட்ட ஜாவா பதிப்பு என்று அடம்பிடித்த கதை தனி. இன்று அரட்டைக்கென்று ஒரு சின்னப் புரோகிராம் இறக்கினால் அதற்குள் முழு பிரவுசர் ஒன்று ஒளிந்திருக்கிறது, நூறு எம்.பி.க்கு மேல். 256 கிலோபைட்டில் குடித்தனம் நடத்தியவர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள்.

விண்டோஸ் 11-ல் 16 பிட் புரோகிராம் எதுவும் நேரடியாக ஓடாது. ஆனால் விஷுவல் பேசிக் 6-க்கான டி.எல்.எல்.லை மட்டும் மைக்ரோசாஃப்ட் இன்னும் கூடவே அனுப்புகிறது. அத்தனை அலுவலகங்கள் அதன் மேல் நின்றுகொண்டிருக்கின்றன. இதை எழுதும் லேப்டாப்பிலும் தேடிப் பார்த்தேன். எம்எஸ்விபிவிஎம்60 என்ற பெயரில் ஒரு மூலையில் இருக்கிறது, ஒன்றரை எம்.பி.கூட இல்லை.