இன்டெக்ரின்

உயிரணுவின் சவ்வை ஊடுருவி நிற்கும் புரதம். வெளியே உள்ள பற்றுதளத்தையும் உள்ளே உள்ள இழைச் சட்டகத்தையும் இணைப்பது. ரிச்சர்ட் ஹைன்ஸும் அவருடைய குழுவினரும் 1986-இல் இட்ட பெயர். வேர், 'முழுமையானது' எனப் பொருள்படும் 'இன்டெகெர்' என்ற லத்தீன் சொல். அதையும் பிரித்தால் 'தொடப்படாதது' என்று வரும். தொடுவதையே தொழிலாகக் கொண்ட புரதத்துக்கு இப்படியொரு வேர் வாய்த்தது எனக்குத் தீராத வியப்பு.

எலும்புத் திசுப் பொறியியலில் இச்சொல் இல்லாமல் பேச முடியாது. டைட்டானியமோ ஹைட்ராக்ஸிஅபடைட்டோ உடலுக்குள் வைக்கப்பட்டதும், இரத்தத்தில் உள்ள ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் போன்ற புரதங்கள் அதன்மேல் முதலில் படிகின்றன. பின்னால் வரும் எலும்பாக்க அணு பற்றுவது அந்தப் பொருளை அன்று, இந்தப் படலத்தைத்தான். அதிலும் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும் இடத்தை இன்டெக்ரின் தேடிப் பிடிக்கிறது. பிடி கிடைத்த அணு பரவிப் பெருகி எலும்பை உருவாக்குகிறது. கிடைக்காதது பெரும்பாலும் மடிகிறது. அதனால்தான் அணுக்கள் பற்றி வளர அமைக்கும் செயற்கைச் சாரங்களின்மேல் அம்மூன்றின் கோவையை வேதிமுறையில் பதிக்கிறார்கள். புரதத்தை மட்டும் நம்பினால், அது மேற்பரப்பில் உருக்குலைந்து படியும்போது அந்தப் பிடிமானம் மறைந்துபோகக்கூடும்.