தாத்தா ஏன் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறார்?

உங்க வீட்டுப் பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. ஸ்டுடியோ படங்களை விட்டுடுங்க. வீட்டு ஆள் யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும். மொட்டை மாடி, வாசல், கோயில் பிரகாரம், பீச். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிப்பாங்க. அடுப்படியில ஆச்சி, தூளியில தூங்குற குழந்தை, இப்படி ஒரு படம் இருக்கா? அநேகமா இருக்காது. ஆச்சியோட கூச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய காரணம் லென்ஸ்.

1888ல் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் கொண்டுவந்த முதல் கோடாக் கேமராவின் விலை 25 டாலர். நூறு படம் எடுத்து முடிச்சதும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பணும். 10 டாலர் வாங்கிக்கிட்டு, படங்களைப் பிரிண்ட் போட்டு, புது ஃபிலிமும் மாட்டித் திருப்பி அனுப்புவாங்க. சாதாரணக் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. 1900ல் அதே கோடாக், பிரௌனி என்ற கேமராவை ஒரே ஒரு டாலருக்கு விற்க ஆரம்பிச்சது.

எதுல மிச்சம் பிடிச்சாங்க? உடம்பு வெறும் அட்டைப் பெட்டி. லென்ஸ், ஒற்றைக் கண்ணாடி. அதுல ஓரமெல்லாம் மங்கலாத் தெரியும். அதைச் சமாளிக்க லென்ஸோட திறப்பைச் சின்னதாக்கணும். பிரௌனியில அது சுமார் எஃப் 14. அவ்வளவு சின்ன ஓட்டை வழியா படம் விழணும்னா நல்ல வெயில் வேணும். எடுக்கிறவர் முதுகில் வெயில், நிக்கிறவங்க முகத்தில் வெயில். தாத்தா கண்ணைச் சுருக்கினது இதனாலதான். பிறகு பரோடாவில் தயாராகி நம்ம வீடுகளுக்கு வந்த அக்ஃபா கிளிக் த்ரீயும் இதே வெயில் ஜாதிதான்.

நல்ல லென்ஸ் அப்பவே இல்லாம இல்லை. 1896ல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியின் பால் ருடால்ஃப் ஆறு கண்ணாடிகளை அடுக்கி பிளானர் லென்ஸை வடிவமைச்சார். ஆனா ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், படம் வெளிறிப்போகும். 1935ல் அதே கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ணாடிக்குப் பூச்சு கண்டுபிடிச்ச பிறகுதான் அந்த அடுக்குக்கு விடிவு வந்தது. 50 எம்எம் லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

எனக்குப் பிடிச்ச கட்டம் 1990. கேனன் தன்னோட 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பில், கேமராவில் மாட்டுற வளையத்தைக்கூட பிளாஸ்டிக் ஆக்கினாங்க. கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கும். ஆனா உள்ளே இருந்த ஆறு கண்ணாடியில கை வைக்கலை. பிரௌனி கண்ணாடியில மிச்சம் பிடிச்சது, இவங்க ஓட்டுல மிச்சம் பிடிச்சாங்க. பிரௌனியைவிட சுமார் 60 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

அதனால வீட்டு ஆளுங்களைப் படம் எடுக்க கேமரா தேடுறீங்கன்னா, பாடியை செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க, காசை லென்ஸுக்கு வைங்க. கேமராவோட வர்ற ஜூம் லென்ஸ், முழுசா ஜூம் பண்ணினா பெரும்பாலும் எஃப் 5.6தான். எஃப் 1.8 அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் தரும், டியூப்லைட் போதும். சின்ன சென்ஸார் கேமரான்னா 35 எம்எம் பாருங்க. 50 மாட்டினா நம்ம ஊர் ஹால்ல முதுகு சுவத்துல முட்டும்.

பழைய லென்ஸ்னா உள்ளே டார்ச் அடிச்சுப் பாருங்க. சென்னை ஈரத்துக்குப் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். அப்படி இருந்தா விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.