குதிரையும் பணயமும்



இராயபுரத்துக்குத் தெற்கே துறைமுகச் சுவர்கள் எழுவதற்கு முன்னர், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் கரை சேர்ந்தனர். ஆஸ்திரேலியக் குதிரைகள் அவ்வாறு சென்னைக் கரையில் இறங்கும் காட்சி, 1830களின் கல்லச்சு ஓவியம் ஒன்றில் பதிவாகியுள்ளது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, அரபு வணிகர்கள் காயல் துறையில் பாண்டியருக்காகக் குதிரைகளை இறக்கினர் என்பதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரரைக் குறிப்பதுதான். ஆக, குதிரை நம் சமுதாயத்துக்கு அந்நியமன்று.

மார்க்கத்துக்கும் அது அந்நியமன்று. பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் நபி (ஸல்) அவர்கள் ஓடவிட்டார்கள் என்ற செய்தி புகாரியில் உள்ளது. அதனை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்போட்டியில் கலந்துகொண்டவரே.

அப்படியாயின், தவறு எங்கே நுழைந்தது?

1752இல் அயர்லாந்தில் இருவர், ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து மற்றொன்றை நோக்கி வேலியும் பள்ளமும் தாண்டிக் குதிரையோட்டினர். தடைதாண்டும் பந்தயத்தின் தொடக்கமாக அதனைக் கூறுவர். அவ்வகையில் உலகப் புகழ்பெற்றது இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல். 1839இல் அதில் வென்ற குதிரையின் பெயரே ‘லாட்டரி’! 1843 முதல் அது ‘ஹேண்டிகேப்’ பந்தயமாயிற்று. அதாவது, வலிய குதிரையின் முதுகில் கூடுதல் எடை, எளிய குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளுக்கும் வாய்ப்பைச் சமமாக்குவது இதன் நோக்கம். இதனால் எது வெல்லும் என்பது எவர்க்கும் விளங்காமற் போகிறது. அந்த ஐயத்தின் மீதே பணயம் வாங்குவோரின் வாணிபம் நிற்கிறது.

கிண்டியில் பந்தயத் திடல் 1777இல் உருவானது. எடை கூட்டிக் குறைக்கும் முறையும் ஆங்கிலேயர் வழியே அங்கு வந்தது. சம்பள நாளில் வடசென்னைத் தொழிலாளர் சிலர், பீச் நிலையத்தில் மின்ரயிலேறிக் கிண்டிக்குச் சென்றதை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். எம் தெருப் பெரியவர் ஒருவர் குதிரையின் வயது, எடை, ஜாக்கியின் பெயர் அனைத்தையும் மனப்பாடமாய்ச் சொல்வார். அவர் மனைவியின் வளையல்கள் அடகுக் கடையிலிருந்து மீளவே இல்லை.

1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டது. குதிரைப் பந்தயம் பெரிதும் திறமை சார்ந்தது, எனவே அது சூதாட்டமாகாது என 1996 ஜனவரி 12 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நாட்டின் சட்டம். மார்க்கமோ வேறொரு கேள்வியைக் கேட்கிறது: அப்பணம் எவர் கையிலிருந்து வந்தது? மூன்றாமவர் பரிசளித்தால் ஆகும். ஓடுவோரில் ஒருவர் மட்டும் பரிசு வைத்தாலும் ஆகும். இருவரும் பணம் வைத்து, வென்றவரே அனைத்தையும் அள்ளினால் அது சூது. இதுவே பெரும்பான்மை மார்க்க அறிஞர்களின் நிலை. ஓடாமல் வெளியே நின்று பணம் கட்டுவோர்க்கு இதில் இடமே இல்லை. எம் தெருப் பெரியவரிடம் திறமை இருந்தது. ஆனால் அவர் தோற்றது வளையல்களை, வென்றவர் பெற்றதும் அவைபோன்ற வளையல்களையே.

சூது பகைமையை வளர்க்கும், தொழுகையை மறக்கடிக்கும் என அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. பகைமை முதலில் மூள்வது வீட்டுக்குள்தான்.

160 ஏக்கர் பரப்பும் 1945இல் எழுதப்பட்ட 99 ஆண்டுக் குத்தகையும் கொண்ட கிண்டித் திடலுக்கு, 2024 செப்டம்பரில் அரசு முத்திரையிட்டது. முத்திரையிட்டதால் பணயம் ஓயவில்லை. அது நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. அன்று கிண்டி வரை செல்ல ரயில் கட்டணமாவது வேண்டியிருந்தது. இன்று திண்ணையில் அமர்ந்தே சம்பளத்தைத் தொலைக்கலாம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலை வேலை முடிந்து வரும் மகனிடம், “இன்று எவ்வளவு சம்பாதித்தாய்?” என்று மட்டும் கேளாமல், “எப்படிச் சம்பாதித்தாய்?” என்றும் அன்போடு கேட்போமாக.

ஹலாலான சிறு ஊதியத்திலும் பரக்கத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.