டிவிஆர் மெனுவில் ஒரு 'பால்'

கடைக்கோ வீட்டுக்கோ சிசிடிவி மாட்டினவங்க அந்த டிவிஆர் பெட்டியோட மெனுவைப் பார்த்திருப்பீங்க. வீடியோ ஸ்டாண்டர்டு பாலா, என்டிஎஸ்சியான்னு ஒரு கேள்வி இருக்கும். ஆவின் பால் இல்லீங்க :-) மாட்ட வர்ற தம்பி யோசிக்காம பாலைத் தட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவார். விசித்திரம் என்னன்னா, அந்தச் சொல்லுக்கும் சிசிடிவியோட ஆரம்பத்துக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே ஆள்: வால்டர் புரூக்.

ஜெர்மன் பொறியாளர். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல மின்னணு டிவி கேமராவை இயக்கினவர். 1942-ல பீனமுண்டேல வி-2 ராக்கெட் சோதனை நடந்தப்போ, கிட்ட நின்னு பார்க்கிறது உயிருக்கு ஆபத்து. அதனால ஏவுதளத்துப் பக்கம் கேமரா, தூரத்துல திரை, நடுவுல கேபிள். ஒளிபரப்பு கிடையாது, கம்பியோட அந்தப் பக்கம் இருக்கிறவங்க மட்டும் பார்க்கலாம். 'குளோஸ்டு சர்க்யூட்'டுங்கிறது இதைத்தான். 'மூடிய சுற்று'ன்னு மொழிபெயர்த்தா இயற்பியல் பாடம் மாதிரி ஆயிடுது. அதுல விஷயமே யார் பார்க்கலாம்ங்கிறதுதான்.

சிசிடிவி வரலாறு எழுதுறவங்க பலர் '1942, ஜெர்மனி'ன்னு ஒரு வரியில தாண்டிடறாங்க. எனக்கு அது சரியாப் படலை. பொறியாளர்கள் பத்திரமா திரையில பார்த்த அந்த ராக்கெட்டைப் பின்னாடி மிட்டல்பாவ்-டோரா முகாம் கைதிகளை வெச்சுத்தான் செஞ்சாங்க. ஆயிரக்கணக்குல செத்தாங்க. 1944-லேர்ந்து அது லண்டன் மேலயும் ஆன்ட்வெர்ப் மேலயும் விழுந்துச்சு.

போருக்கப்புறம் புரூக் மறுபடியும் டெலிஃபுங்கன் கம்பெனிக்கு வந்தார். அமெரிக்காவோட என்டிஎஸ்சி கலர் முறையில சிக்னல் கொஞ்சம் பிசகினாலும் முகம் பச்சையாயிடும். இவர் ஒரு வரி விட்டு ஒரு வரி கலர் சிக்னலோட கட்டத்தைத் திருப்பிப் போட்டார். ஒரு வரியோட பிழையை அடுத்த வரி அடிச்சிடும். 1962 கடைசியில காப்புரிமைக்கு விண்ணப்பம், 1963 ஜனவரியில ஹானோவர்ல செயல்விளக்கம். உங்க பேரையே வெச்சிருக்கலாமேன்னு கேட்டப்போ, 'புரூக் சிஸ்டம்'னா யார் வாங்குவாங்கன்னாராம். ஜெர்மன்ல புரூக்னா உடைசல்!

பால்ங்கிறது உண்மையில கலர் முறை மட்டும்தான். 625 வரி, நொடிக்கு 25 படம்ங்கிற கணக்கு ஐரோப்பாவுல அதுக்கு முன்னாடியே இருந்தது, 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டை ஒட்டி வந்தது. பிரேசில்ல பால்தான், ஆனா 525 வரி. இருந்தாலும் சிசிடிவிக்காரங்களுக்கு பால்னா 25, என்டிஎஸ்சின்னா 30. அந்த 625-ல படம் தெரியறது 576 வரி. பழைய டிவிஆர்ல பார்த்த 4சிஐஎஃப் (704x576), அதுல பாதிப் பாதியான சிஐஎஃப் (352x288) எல்லாம் இந்த வழி வந்ததுதான். டி1 மட்டும் சோனியோட டேப் பேரு.

இப்போ ஐபி கேமராவுல பால் கலரே கிடையாது, எல்லாம் டிஜிட்டல். ஆனாலும் பல மெனுக்கள்ல '50 ஹெர்ட்ஸ் (பால்)'னு ஒட்டிக்கிட்டு இருக்கு. டியூப்லைட் வெளிச்சத்துல படத்துல பட்டை பட்டையா ஓடினா, ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அங்க 60 போட்டிருக்கான்னு பார்த்துடுங்க.